பழைய காரின் பின் ஆக்சில்: எண்ணிப் பார்த்து வாங்குங்கள்

மூட்டையைத் தராசில் ஏற்றாமல் நாம் பணம் கொடுப்பதில்லை. ஆனால் பழைய அம்பாசடரோ வெளிநாட்டுக் காரோ வாங்கப் போனால், விற்பவர் சொல்லை நம்பிவிடுகிறோம். அதிலும் பின் ஆக்சிலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டது. வண்டியில் இருக்கும் ஆக்சில் காயலாங்கடையிலிருந்து வந்து ஏறியதாகவும் இருக்கலாம்.

ரேஷியோ என்பது சாதாரண வகுத்தல் கணக்குதான். புரொப்பெல்லர் ஷாஃப்ட் முனையில் உள்ள சிறிய பினியன், பெரிய கிரௌன் வீலைச் சுற்றுகிறது. கிரௌன் பற்களைப் பினியன் பற்களால் வகுக்க வேண்டும். 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. காரில் 43-க்கு 10, அதாவது 4.3. 1962-இல் வந்த எம்.ஜி.பி.யில் 43-க்கு 11, அதாவது 3.9. இவ்விரண்டின் எஞ்சினும் அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினும் ஒரே பி.எம்.சி. குடும்பம். எண் பெரிதானால் மேட்டில் இழுவை கூடும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அதிகம் சுற்றி இரையும். எண் சிறிதானால் நேர்மாறு.

ஆக்சிலைப் பிரிக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள். ஸ்டாண்டு கொடுத்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்க வேண்டாம். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீசால் கோடு போடுங்கள். ஒருவர் சக்கரத்தை 20 சுற்று சுற்ற, மற்றவர் ஷாஃப்ட் சுற்றை எண்ண வேண்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் 20 சுற்று கிரௌன் வீலுக்கு 10 சுற்றுதான். ஷாஃப்ட் 43 சுற்றினால் 4.3, 39 சுற்றினால் 3.9. தூக்கிய சக்கரம் சுற்றவே மறுத்தால் லிமிட்டெட் ஸ்லிப் வகையாக இருக்கலாம். அப்போது இரண்டையும் தூக்கி 10 சுற்று எண்ணுங்கள். கிடைத்த எண்ணை அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

எண் மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அது கியர் பாக்ஸிலிருந்து ஓடுவது. 4.3 இருந்த வண்டியில், டயர் மாறாமல் 3.9 ஏற்றினால், 100 கிலோமீட்டர் ஓடியதை 91 என்றே காட்டும். விற்பவர் காட்டும் கிலோமீட்டர் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகும்.

பலத்துக்கு வேறு அடையாளங்கள். கிரௌன் வீலின் விட்டம் பெரிதானால் பல் தாங்கும். ஃபோர்டு 1957 முதல் போட்ட 9 இன்ச் ஆக்சிலுக்குப் பெயரே அந்த விட்டத்தால் வந்தது. அதிலும் ஷாஃப்ட் முனையில் வெட்டிய ஸ்ப்ளைன் 28 உள்ளதும் உண்டு, 31 உள்ளதும் உண்டு, 31 தடிமனானது. கழற்றிய ஷாஃப்டில் அந்த வரிகள் நேராக ஓட வேண்டும். முறுக்கிய கயிறு போலத் திரும்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விலை குறைத்தாலும் வேண்டாம்.

லாரியில் சக்கரம் நிற்கும்போதே போல்ட் கழற்றி ஷாஃப்டை உருவலாம். பாரத்தை ஹவுசிங் சுமக்கிறது. பல கார்களில் பாரமும் ஷாஃப்ட் மேல்தான். எனவே காரில் அரிசி மூட்டை அடுக்குவோர் ஷாஃப்டையும் பேரிங்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கடைசியாக டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். எண்ணெயில் மாவு போன்ற தூள் கொஞ்சம் இருப்பது தேய்மானம். விரலில் தட்டுப்படும் இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கும். அங்கேயே மூடிவிட்டு வந்துவிடலாம்.