காலுக்கேற்ற காலணி

“வளர்கிற பிள்ளை, இரண்டு எண் பெரியதாகவே கொடுங்கள்.” பள்ளி திறக்கும் நாள் நெருங்கினால் காலணிக் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி கேட்கும். சிக்கனம் கருதிய பேச்சுதான். ஆனால், பிரிட்டிஷ் அளவுமுறையில் ஓர் எண் கூடினால் நீளம் ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் கூடும். இரண்டு எண் என்றால் 17 மில்லிமீட்டர். அவ்வளவு இடைவெளியில் பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். குதிகால் உராய்ந்து கொப்புளிக்கும். காலணி கழன்றுவிடாதிருக்க விரல்கள் மடங்கியே இருக்கும். மிக நீண்ட கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்திற்கு இடமிருந்தால் போதும். (அந்த நீண்ட விரல் எல்லாருக்கும் பெருவிரல் அன்று, சிலருக்கு அதற்கு அடுத்தது.)

பகல் முழுதும் நடந்த பாதம் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். ஆகவே, மாலையில் கடைக்குச் செல்வது நல்லது. பலருக்கு இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலுறையோடு இரண்டையும் அணிந்து பார்த்து, பெரிய பாதத்திற்கு ஏற்ப வாங்க வேண்டும்.

வாங்கிய பின்னும் தவறு நேர்கிறது. அவசரத்தில் கயிற்றை அவிழ்க்காமல் பின்பகுதியை மிதித்து அணியும் மாணவர் பலர். அப்பகுதி நொறுங்கிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த காலணியும் குதிகாலைத் தாங்காது. மலேசியப் பள்ளிகளில் வெள்ளைக் காலணி போய்க் கறுப்புக் காலணி வந்தபின் அழுக்கு எளிதில் தெரிவதில்லை. வியர்வையும் மழை ஈரமும் உள்ளே தங்கத்தான் செய்கின்றன. நனைந்த காலணிக்குள் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும்.