ஆலோசனைக்குப் போகுமுன் கேளுங்கள்: "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"



குத்தாலம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி, தீர்மான நோட்டில் கையெழுத்தும் முடிந்தது. எல்லாரும் கிளம்பிய பிறகும் ஒரு அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ராத்திரி அலறி எந்திரிக்கிறாரு. வெடிச் சத்தம் கேட்டா நடுங்குறாரு. கோவம் வந்தா புள்ளைங்கள அடிக்கிறாரு. குடும்ப ஆலோசகர்னு போர்டு போட்ட ஒருத்தர்கிட்ட மூணு தடவ பணம் கட்டிப் போனோம். 'நீதாம்மா அனுசரிச்சுப் போவணும்'னு சொல்லிட்டாரு" என்றார்.

"அவரு என்ன படிச்சவருக்கா?"

"அத கேக்கலியே!"

விதை நெல் வாங்கினால் மூட்டையில் சான்றுச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். குடும்பத்தையே ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது கேட்க வேண்டாமா?

தகுதி உள்ளவர் யார்?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இல் வந்தது. அதில் சொல்லப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் நான்கு பேர்:

1. மனநல மருத்துவர்: டாக்டர் படிப்புக்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுதித் தருபவர் இவர்தான்.

2. மருத்துவ உளவியலாளர்: பேச்சின் மூலம் சிகிச்சை தருபவர். இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பு படித்தவர். அங்கே பதிவு செய்தவருக்கு ஒரு பதிவு எண் இருக்கும்.

3. மனநல சமூகப் பணியாளர்: எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, அதற்கு மேல் 2 வருடம் நோயாளிகளோடு பயிற்சி எடுத்து எம்.ஃபில். படித்தவர்.

4. மனநல செவிலியர்: பொது நர்சிங் அல்லது மனநல நர்சிங் படித்துப் பதிவு செய்தவர்.

நானும் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள்தான். காது கொடுத்துக் கேட்பேன், சரியான இடத்துக்கு அழைத்துப் போவேன். ஆனால் சிகிச்சை தர எனக்குத் தகுதி இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் குடும்ப சிகிச்சையாளர்களை வேலைக்கு எடுக்க 2006இல் சட்டம் வந்தது. அவர்களுக்கான தகுதி விதிகள் 2010இல் வந்தன. முதுகலைப் பட்டமும் வேண்டும், மாநில உரிமமும் வேண்டும். படைவீரர் வீட்டுக் கஷ்டத்தைத் தீர்க்கத் தனிப் பயிற்சி தேவை என்பது அங்கேயும் பட்டுத் தெரிந்த பாடம்தான்.

கேட்க வேண்டிய 4 கேள்விகள்

- என்ன படிச்சிருக்கீங்க? எங்கே பதிவு செஞ்சிருக்கீங்க? எண் என்ன?
- படைவீரர் குடும்பங்களைப் பார்த்த அனுபவம் உண்டா?
- நாங்க சொல்றது வெளியே போகாதே? (ரகசியம் காக்கப்படுவது 2017 சட்டம் தரும் உரிமை.)
- எத்தனை தடவை வரணும்? எவ்வளவு செலவாகும்?

கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தகுதி உள்ளவர் கோபப்பட மாட்டார்.

எங்கே போகலாம்?

பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. மனைவியும் அதில் சேரலாம். கார்டு இல்லாவிட்டால் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்த நாள் வருகிறார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் இருந்தே பேச 14416 என்ற டெலி மானஸ் எண் உண்டு. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒன்று முக்கியம். வீட்டில் அடி உதை இருந்தால், சிகிச்சை பலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.

அந்த அக்காவும் நானும் அன்றைக்கே 14416க்குப் பேசினோம். அடுத்த வாரம் அவர் வீட்டுக்காரரே, "நானும் வர்றேன்" என்று அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினார். இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். முழுதாகச் சரியாகிவிடவில்லை. ஆனால் "நீ அனுசரிச்சுப் போ" என்று அக்காவை இப்போது யாரும் சொல்வதில்லை.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் படைவீரர் குடும்பங்கள் எத்தனை? அந்த வீட்டுப் பெண்களிடம் கடைசியாக எப்போது "நல்லா இருக்கியா?" என்று கேட்டோம்?