காந்த நாடாவில் வன்பொருள் சுருக்கம்: நடுகல் ஆவணக் காப்பை முன்வைத்து

தமிழும் கன்னடமும் தெலுங்கும் வழங்கும் ஓசூர், பாகலூர் போன்ற எல்லைப்புற வட்டாரங்களில் நடுகல் சிதைந்தபின் அதன் ஒளிப்படமே சான்றாகிறது. அப்படங்களைக் காந்த நாடாவில் காக்கும்போது எழும் சிக்கலொன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்.டி.ஓ.-8 நாடாவின் கொள்ளளவு 30 டெராபைட் எனக் குறிக்கப்படினும் இயற்கொள்ளளவு 12 டெராபைட்டே. 30 என்பது, தரவு 2.5 மடங்கு சுருங்கும் என்னும் எதிர்பார்ப்பில் எழுந்த கணக்கு. யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறும், முதற்பைட்டு மாறுவதில்லை. ஆதலின் கல்வெட்டுப் பாடம் நன்கு சுருங்கும். ஜேபெக் படமோ முன்னரே சுருக்கப்பட்டது. மேலும் சுருங்குவது அரிது.

எனவே, நாடா 12 டெராபைட்டில் நிறைந்தவுடன் கருவி பழுதென முடிவுசெய்தல் பொருந்தாது. சுருக்க அமைப்பு இயங்குகிறதா என நோக்கியபின், பாடக்கோப்புகளை மட்டும் எழுதிச் சோதித்தல் வேண்டும். அவை சுருங்கின் கருவியில் குறையில்லை. காப்பு மென்பொருள் தரவை முன்கூட்டியே சுருக்கினாலோ மறையாக்கினாலோ கருவியின் சுருக்கம் பயன்தராது. மறையாக்கத்தைக் கருவியிடமே விடின், அது சுருக்கிய பின்னரே மறையாக்கும்.

படங்கள் மிகுந்த தொகுப்புக்கு இயற்கொள்ளளவைக் கொண்டே நாடாக்களைத் திட்டமிடல் வேண்டும். இல்லையேல் நாடா தீர்ந்தபின் எஞ்சும் சான்றுகள் காப்பின்றி நிற்கும்.