இறைச்சிக் கோழிகளுக்கு வீட்டிலேயே சமச்சீர் தீனி கலத்தல்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கோழி வளர்ப்பு, நிலக்கடலையையும் குச்சிக் கிழங்கையும் போலவே குடியானவருடைய வருமானத்திற்கு ஆதாரமான தொழிலாகிவிட்டது. 1997-ஆம் ஆண்டில் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல், முட்டைக்குப் பெயர் பெற்ற இடமாகும். அங்குள்ள முட்டைப் பண்ணைக்காரர் பலர் தங்களுக்கு வேண்டிய தீனியைத் தாங்களே அரைத்துக் கலந்து கொள்கின்றனர். கம்பெனிகளுக்கு ஒப்பந்தமாக இறைச்சிக் கோழி வளர்ப்போருக்குத் தீனியைக் கம்பெனியாரே அனுப்பிவிடுவர். ஆனால் சொந்த முதலில் நூறு, இருநூறு கோழிகள் வளர்ப்பவர் என்ன செய்யவேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கோழி வளர்ப்பில் நூறு ரூபாய் செலவானால், அதில் சுமார் 65 முதல் 70 ரூபாய் தீனிக்கே சேருகின்றது. ஆகையால் தீனியில் மிச்சம் பிடிக்க விரும்புவது இயற்கையே. எனினும் கைக்குக் கிடைத்த தானியத்தையும் புண்ணாக்கையும் படிக்கணக்கில் அள்ளிக் கலப்பது மிச்சமன்று, நஷ்டமேயாகும். வீட்டுத் தீனியால் லாபம் பெறுவதற்கு இரண்டு காரியங்கள் இன்றியமையாதவை. ஒன்று, சத்தைக் கணக்கிட்டு நிறுத்துக் கலத்தல். மற்றொன்று, பூஞ்சணம் பிடித்த சரக்கை எவ்வளவு மலிவாயினும் விலக்குதல்.

தீனியில் இருக்கவேண்டிய சத்துக்கள்

தானியங்கள் உடலுக்கு வெப்பத்தையும் சக்தியையும் தருகின்றன. புண்ணாக்குகள் தசையை வளர்க்கும் புரதச் சத்தைத் தருகின்றன. சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் எலும்புக்கு வேண்டும். உப்பு, வைட்டமின்கள், நுண்ணிய தாதுக்கள் ஆகியவை அளவிற் சிறியனவாயினும் அவையின்றி மற்றச் சத்துக்கள் பயன்படா. இறைச்சிக் கோழி ஆறு வாரத்தில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடை அடைவதால், அதன் தீனியில் ஒரு சத்து குறைந்தாலும் வளர்ச்சி அங்கேயே தடைப்படும். இளங்குஞ்சுகளுக்கு நூற்றுக்கு 22 பங்கும், மூன்று வாரத்திற்கு மேற்பட்டவைகளுக்கு 20 பங்கும் புரதம் இருத்தல் நலம்.

கணக்கிடும் முறை

மக்காச்சோளத்தில் நூற்றுக்குச் சுமார் 9 பங்கும், எண்ணெய் நீக்கிய சோயாப் புண்ணாக்கில் சுமார் 45 பங்கும் புரதம் உண்டு. நூறு கிலோ தீனியில் எண்ணெய், தாது, உப்பு முதலியவைகளுக்கு 8 கிலோவை ஒதுக்கினால், மீதி 92 கிலோவே 22 கிலோ புரதத்தையும் தரவேண்டும். அதாவது அந்த 92 கிலோவில் புரதம் நூற்றுக்கு 24 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும்.

இப்பொழுது, 45-இலிருந்து 24-ஐக் கழிக்க 21 வரும். இது மக்காச்சோளத்தின் பங்கு. 24-இலிருந்து 9-ஐக் கழிக்க 15 வரும். இது சோயாவின் பங்கு. ஆக மொத்தம் 36 பங்கு. 92 கிலோவை இவ்விகிதத்தில் பிரித்தால் மக்காச்சோளம் சுமார் 54 கிலோ, சோயாப் புண்ணாக்கு சுமார் 38 கிலோ ஆகும். சரக்கு மாறினால் அதன் புரத அளவை இக்கணக்கில் இட்டுப் புதிய பங்கை எவரும் அறிந்துகொள்ளலாம்.

குஞ்சுத் தீனி, முதல் மூன்று வாரம், 100 கிலோவுக்கு:
மக்காச்சோளம் — 54 கிலோ
சோயாப் புண்ணாக்கு — 38 கிலோ
தவிட்டெண்ணெய் — 4 கிலோ
டைகால்சியம் பாஸ்பேட் — 1 கிலோ 800 கிராம்
சுண்ணாம்புக் கல் தூள் — 1 கிலோ 300 கிராம்
உப்பு — 400 கிராம்
மெத்தியோனின் — 200 கிராம்
வைட்டமின், நுண்தாதுக் கலவை — 300 கிராம்

மூன்று வாரத்திற்குப் பின் மக்காச்சோளத்தை 59½ கிலோவாக உயர்த்திச் சோயாவை 32½ கிலோவாகக் குறைக்கலாம், மற்றவை மாறவேண்டுவதில்லை. வைட்டமின் கலவை தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுமாதலால், அதன் பையில் கண்ட அளவு வேறாயிருந்தால் அவ்வளவையே கைக்கொண்டு, வித்தியாசத்தை மக்காச்சோளத்தில் சரிசெய்க. சுண்ணாம்புக் கல் தூளுக்குப் பதிலாகக் கிளிஞ்சல் தூளை உபயோகிக்கலாம். வெற்றிலைக்கு இடும் நீற்றிய சுண்ணாம்பு ஆகாது. பெருவிடை, சிறுவிடை முதலிய நாட்டுக் கோழிகள் மெதுவாக வளர்பவையாதலின் அவைகளுக்கு இவ்வளவு செறிந்த தீனி வேண்டுவதில்லை. புரதத்தைக் குறைத்து இதே முறையிற் கணக்கிடலாம்.

நம் நாட்டுச் சரக்குகள்

கம்பும் சோளமும் மக்காச்சோளத்திற்கு ஓரளவு ஈடாகும். மூன்றில் ஒரு பங்கு வரையில் மாற்றுவது தவறன்று. கம்பு சிறு மணியாதலால் முழுதாக விடாமல் நொறுக்கிச் சேர்க்கவேண்டும்.

குச்சிக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, நன்றாக வெயிலில் உலர்த்தி, மாவாக்கிச் சேர்ப்பதுண்டு. பச்சைக் கிழங்கில் நச்சுப் பொருள் உண்டாகையால் தோல் நீக்கி உலர்த்துவது அவசியம். கிழங்கில் சக்தி மிகுதியெனினும் புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குக்கு மேல் இல்லை. ஆதலால் 10 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 10 கிலோ கிழங்கு மாவை இட்டால் புரதம் குறைந்துபோம். 8½ கிலோ கிழங்கு மாவும் 1½ கிலோ சோயாப் புண்ணாக்குமாக இட்டால் குறைவு நீங்கும். ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் திப்பி, நார் மிகுந்ததாகையால் குஞ்சுகளுக்கு ஏற்றதன்று.

எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. ஆகையால் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சோயாவுடன் துணையாக நிற்கத் தகும். வேகவைக்காத சோயா மொச்சையை அப்படியே அரைத்துப் போடலாகாது. அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும். கருவாட்டுத் தூள் சேர்ப்பவர் அது உப்பிடாததா, மணல் கலவாததா எனப் பார்த்தல் வேண்டும். உப்புக் கருவாட்டைச் சேர்த்து, மேலும் உப்பும் இட்டால் குஞ்சுகள் மடியும். ஆமணக்குப் புண்ணாக்கு கொடிய நஞ்சு. அது கிடந்த சாக்கைக்கூடத் தீனிக்கு உபயோகிக்கலாகாது.

பூஞ்சண நஞ்சு

நிலக்கடலைப் புண்ணாக்கு நம் ஜில்லாக்களில் எளிதிற் கிடைப்பது. விலையும் சில சமயம் சோயாவினும் குறைவு. ஆயினும் அபாயம் அதிலேயே அதிகம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புலப்படாமல் மாண்டன. ஆராய்ந்ததில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அதற்கு அப்ளடாக்சின் எனப் பெயரிட்டனர்.

இந்நஞ்சு ஈரலைத் தாக்குகிறது. அளவு மிகுந்தால் கோழி சாகும். அளவு சிறிதாயின் சாவு தெரியாது. குஞ்சுகள் தீனியைத் தின்றும் எடை ஏறா. போட்ட தடுப்பூசியும் சரியாகப் பலிக்காது. குடியானவர் குஞ்சின்மேலும் ஊசியின்மேலும் குறை கூறிக்கொண்டிருக்க, குற்றம் சாக்கிலே இருக்கும். இந்தியத் தர நிர்ணயம் கோழித் தீனியில் இந்நஞ்சுக்கு விதித்துள்ள உச்ச வரம்பு ஒரு டன்னுக்கு 20 மில்லிகிராம் என்றால், எவ்வளவு சிறிது கேடு செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் உண்டான நஞ்சு முற்றும் நீங்காது. உண்டாகாமல் தடுப்பதே வழி. மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றுக்கு 12 பங்குக்கு மேற்படலாகாது. கடித்தால் நொறுங்கென்று உடையவேண்டும். சாக்குகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குக. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மிகுதியாக வாங்கிச் சேமிப்பதைத் தவிர்க்க. பச்சை, கருமை படிந்த மணிகளையும், புளித்த வாசனையுள்ள புண்ணாக்கையும் மலிவென்று வாங்கவேண்டாம். பார்வைக்கு நன்றாயிருப்பதிலும் நஞ்சு இருக்கக்கூடுமாதலால் சோதனை தேவை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. ஒரே சாக்கில் எடுக்காமல் பல சாக்குகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ மாதிரியை அனுப்பவேண்டும். சோதித்து நலமெனக் கண்ட கடலைப் புண்ணாக்கையே, அதுவும் சோயாவிற் பாதிக்கு மேற்படாமல், சேர்க்கலாம்.

கலக்கும் விதமும் கணக்கும்

தானியத்தை மிக நைசாக அரைக்காமல் ரவை பருமனில் உடைக்க. மெத்தியோனின், வைட்டமின், உப்பு ஆகியவைகளை முதலில் இரண்டு கிலோ மாவிலும், அதைப் பிறகு பத்துக் கிலோ மாவிலும், கடைசியாக முழுக் குவியலிலும் கலக்கவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் ஒரு கோழிக்கு அளவு மீறியும் ஒன்றுக்கு இல்லாமலும் போகும். பெருக்கிய சிமெண்டுத் தரையில் குவியலை நான்கைந்து முறை இடம் மாற்றிப் புரட்டுக. கலந்த தீனியை இரண்டு வாரத்திற்குள் செலவிடுவது நன்று.

வாரம் ஒருமுறை பத்துக் கோழிகளை நிறுத்து, தின்ற தீனியையும் ஏறிய எடையையும் குறித்து வருக. ஆறு வாரத்தில் ஒரு கோழி ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தின்னும். தீனி மிகுந்து எடை குறைந்தால், அடுத்த சாக்கை அவிழ்க்குமுன் காரணத்தைத் தேடவேண்டும்.

சிறு குடியானவர் ஒருவரே சோதனைச் செலவையும் நல்ல தராசையும் தாங்குவது அரிது. ஐந்தாறு பேர் சேர்ந்து சரக்கை ஒன்றாக வாங்கி, ஒரே மாதிரியாகச் சோதித்து, ஒரே இடத்தில் கலந்து பகிர்ந்துகொண்டால் செலவு சுருங்கும். கிராம அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முன்வந்து இதற்கு ஏற்பாடு செய்வார்களாயின், வீட்டுத் தீனியால் வரவேண்டிய லாபம் குடியானவர் கையிலேயே நிற்கும்.