பெயர் தெரியட்டும் என்று காத்திருக்காதே

"ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசுவான்." "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு." "கொழுகொழுன்னு இருக்கா, அதான் நடக்க லேட்டாகுது." இந்த மூன்றில் ஒன்றையாவது உன் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், கோபப்படாதே. ஆனால் உன் மனசில் ஓர் உறுத்தல் இருக்கிறதே தங்கச்சி, அதை அந்தச் சமாதானத்தில் கரைய விட்டுவிடாதே. டாக்டரிடம் காட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அரை நாள் அலைச்சலோடு போயிற்று. காட்டாமல் விட்டால் போவது, மூளை படு வேகமாக வளர்கிற முதல் இரண்டு மூன்று வருடம்.

குழந்தையின் ஒவ்வொரு வளர்ச்சியையும் கவனிப்பது நமக்குப் புதிதும் அல்ல. குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், பல் முளைத்தால் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டினால் இன்னொன்று என்று செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்த வீடுகள்தானே நம்முடையவை? அந்தப் பாட்டிகளுக்கு எந்த மாதத்தில் எது வரவேண்டும் என்று நன்றாகவே தெரியும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாதே என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். மார்க்கில் ஒப்பிடவேண்டாம், சரி. கழுத்து நிற்பதையும் உட்காருவதையும் கட்டாயம் ஒப்பிடு.

ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு வேண்டாம், அளவுகோலோடு ஒப்பிடு. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி 8 மாதத்தில் தனியாக நடக்கிற குழந்தையும் உண்டு, 17 மாதம் தாண்டி நடக்கிற குழந்தையும் உண்டு, இரண்டும் சரிதான். 18 மாதமாகியும் நடக்கவில்லையா, காட்டு. பிடிமானமில்லாமல் உட்கார 9 மாதம் வரை பொறுக்கலாம். 2 மாதம் முடியும்போது முகம் பார்த்துச் சிரிக்கவேண்டும், 4 மாதம் முடியும்போது கழுத்து நிற்கவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையென்றால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், டாக்டர் கொடுத்திருந்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணு.

திருவனந்தபுரத்திலுள்ள குழந்தை வளர்ச்சி மையம் தயாரித்த ஓர் அட்டவணை உண்டு. ஒரே பக்கம், 17 வரிகள், இரண்டு வயது வரைக்கும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நெட்டுக்குத்தாக வைக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன வரிகளில் எதையாவது குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் டாக்டரிடம் காட்டவேண்டும், அவ்வளவுதான். உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் பார், பெரும்பாலும் வைத்திருப்பார்.

சில அடையாளங்களைக் கண்டால் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று இருக்காதே. ஒரு வயதாகியும் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை. 2 வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு வயதுக்கு முன்பே எதையும் ஒரே கையால்தான் எடுக்கிறது, இன்னொரு கை எப்போதும் மூடிய முஷ்டியாகவே இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "பாரு, இப்பவே சோத்துக்கை பழகிட்டான்" என்று பெருமைப்படுவார்கள். பெருமைப்படும் விஷயமில்லை அது. அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்யவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வந்த பேச்சோ பழகிய செயலோ திரும்பப் போய்விட்டால் எந்த வயதானாலும் அந்த வாரமே கிளம்பு.

பேச்சு வரவில்லை என்றதும் நாக்கில் வசம்பு தேய்ப்பதும் தேன் தடவுவதும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. முதலில் பார்க்கவேண்டியது காது. கதவு படாரென்று சாத்தினால் திரும்புகிறானே, காது கேட்கும் என்று முடிவு கட்டாதே. அதிர்வை உணர்ந்தும் திரும்பலாம், சில சத்தம் கேட்டுச் சில சத்தம் கேட்காமலும் இருக்கலாம். ஓ.ஏ.இ, பெரா என்ற சோதனைகள்தான் சொல்லும். பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. குறைமாதக் குழந்தைக்குக் கண்ணின் விழித்திரையையும் பிறந்து 30 நாளுக்குள் பார்த்திருக்கவேண்டும். டிஸ்சார்ஜ் தாளை எடுத்து இப்போதே ஒரு முறை படித்துவிடு.

எங்கே போவது? குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-ல் வந்த ஆர்.பி.எஸ்.கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும். அதுவரை காத்திருக்கவேண்டிய அவசியமில்லை. மாவட்டத்தில் ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி என்று கேட்டால் அரசு ஆஸ்பத்திரியில் வழி சொல்வார்கள். குழந்தை மருத்துவர், பிசியோ, ஸ்பீச், சிறப்புக் கல்வியாளர் என்று பலரையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம், கோட்டூர்புரத்தில், 1985-ல் தொடங்கிய வித்யாசாகர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். அவர்களுடைய பணியாளர்கள் கிராமத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தருகிறார்கள். உங்கள் ஒன்றியத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோவும் உண்டு. அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பல அம்மாக்கள் அந்தப் பக்கமே போவதில்லை. போய்க் கேள்.

போகும்போது ஒரு ஃபைல் கொண்டுபோ: தடுப்பூசி அட்டை, டிஸ்சார்ஜ் தாள், எடுத்த ஸ்கேன் எல்லாம் தேதி வாரியாக. அதைவிட முக்கியம் உன் போனில் இரண்டு மூன்று வீடியோ. ஒரு நிமிடம் போதும். போனைத் தரையில் குழந்தையின் உயரத்துக்கு இறக்கி, அது தவழ்வதையும் சாப்பிடுவதையும் கூப்பிட்டால் என்ன செய்கிறது என்பதையும் எடு. ஆஸ்பத்திரி வெளிச்சத்தில், வெள்ளைக் கோட்டைப் பார்த்து அழுகிற பிள்ளை அங்கே எதையும் செய்து காட்டாது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். முதல் நாளே யாரும் உனக்கு ஒரு பெயர் சொல்லமாட்டார்கள். "டெவலப்மென்டல் டிலே, பார்க்கலாம்" என்பார்கள். ஆட்டிசமா, மூளை முடக்குவாதமா, வேறு ஏதாவதா என்று தெளிய மாதங்கள் ஆகலாம். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் தெரபி என்று உட்கார்ந்துவிடாதே. கழுத்து நிற்கவில்லை என்றால் கழுத்துக்கான பயிற்சி, பேச்சு வரவில்லை என்றால் பேச்சுக்கான பயிற்சி. அதற்குப் பெயர் எதற்கு? சோதனைகள் ஒரு பக்கம் நடக்கட்டும், பயிற்சி இன்றைக்கே தொடங்கட்டும்.

பயிற்சி நடக்கவேண்டிய இடமும் உன் வீடுதான். வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம் தெரபிஸ்ட் பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் குழந்தை உன்னோடும் ஆச்சியோடும்தானே இருக்கிறது? அதனால் தெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்காதே. உள்ளே விடச் சொல். "இந்த வாரம் வீட்டுல எந்த ஒண்ணைச் செய்யணும் மேடம்?" என்று கேள். ஒன்று போதும். பத்து சொல்லிக்கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

பேச்சுக்கு: பிஸ்கட்டை எடுத்துத் தட்டில் போடாதே. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக்க மூடிக் குழந்தையின் கையில் கொடு. திறக்க வராது, உன்னிடம் வரும். அந்த நேரத்தில் உடனே திறந்துவிடாமல், அதன் முகத்துக்கு நேராகக் குனிந்து மனசுக்குள் பத்து எண்ணு. டப்பாவை நீட்டுவது, உன் கையை இழுப்பது, உன்னைப் பார்ப்பது, "ஆ" என்பது எதுவானாலும் அது கேட்டதாகத்தான் அர்த்தம். "திற" என்று சொல்லிக்கொண்டே திற. தூளியை ஆட்டும்போதும் இப்படித்தான்: ஆட்டு, நிறுத்து, காத்திரு, பார்த்ததும் "ஆட்டு" என்று சொல்லி ஆட்டு. குளிக்கும்போது "ஊத்து", சட்டை போடும்போது "கை", "தலை". நீளமான வாக்கியம் வேண்டாம். வீட்டில் பேசுகிற மொழியிலேயே பேசு. ஸ்கூலுக்காக இப்போதே இங்கிலீஷுக்கு மாறவேண்டியதில்லை. காத்திருப்பதுதான் இதில் கஷ்டம். நாம் எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே கொடுத்துப் பழகியவர்கள்.

உடம்பு விறைப்பாக உள்ள குழந்தைக்கு: கால் இரண்டும் கத்தரிபோல் பின்னிக்கொள்கிறதா? தோளில் சாய்த்து நேராகத் தூக்காமல், நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் உட்காரவை. கால்கள் இரண்டு பக்கமும் விரியும், தெரபிஸ்ட் சொல்வதும் அதைத்தான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியிடம், விறைத்த கையையும் காலையும் வெடுக்கென்று இழுத்து நீவவேண்டாம் என்று பதமாகச் சொல்லிவை. இழுத்தால் இன்னும் இறுகும். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டவே ஊட்டாதே, நுரையீரலுக்குள் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் தொங்காமல் தாடை சற்று உள்வாங்கி இருக்கும்படி பிடித்துக்கொள். தட்டையான சின்ன ஸ்பூனை எதிரிலிருந்து கீழ் உதட்டின் உயரத்துக்குக் கொண்டுபோ. உதட்டை மூடி அதுவே வாங்கட்டும், மேல் பல்லில் தேய்த்து வழிக்காதே. உட்கார வராத குழந்தைக்கு இரண்டு சுவர் சேரும் மூலை நல்ல இடம். தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டச் சொல்லிக்கொண்டு செய்.

தளர்வான உடம்புள்ள குழந்தையை நாள் முழுக்கத் தூளியில் போடாதே. விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு, எதிரே நீயும் படுத்து முகத்தைக் காட்டு. உட்காரவைத்துச் சுற்றிவிடும் வாக்கர் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய மர நடைவண்டி, நின்று பிடித்துத் தள்ளுகிறதே, அது வேறு, குழந்தை நிற்க ஆரம்பித்ததும் தெரபிஸ்டைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். விரலுக்கு: கொடியில் துணி கிளிப் மாட்ட, கழற்ற, சப்பாத்தி மாவைப் பிசைய. போன், டிவி இரண்டு வயது வரை சுத்தமாக வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கருத்து. "ரைம்ஸ் எல்லாம் சொல்றானே" என்பாய். சொல்வான். பசித்தால் உன்னிடம் கேட்கிறானா என்று பார்.

பணத்தைப் பிடுங்குகிறவர்கள் வருவார்கள். "மூணு மாசத்துல நார்மல் ஆக்கிடுவோம்" என்று எவர் சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வா. ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்காதே.

காகித வேலை அலுப்புதான், ஆனாலும் தள்ளிப்போடாதே. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி அடையாள அட்டைக்கு விண்ணப்பி. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. சின்னக் குழந்தைக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துவை. "சின்ன வயசுலேயே முத்திரை குத்திடுவாங்க" என்று வீட்டில் பயப்படுவார்கள். அட்டை பீரோவில்தான் இருக்கப்போகிறது, நெற்றியில் இல்லை. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடும் கடும் பாதிப்பும் உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேள். சாதாரண டவுன் பஸ்ஸில் குழந்தையோடு கூட வருகிற ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்றால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவும் அதில் வரும். பில்லைத் தொலைக்காதே.

உன் வீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒரு தடவை தெரபிக்கு அவரை மட்டும் அனுப்பிவை. பத்து வாதத்தைவிட அந்த முக்கால் மணி நேரம் அதிகம் சொல்லும். மாமியாருக்கு ஒரு வேலை கொடு: "அத்தை, சாயங்காலம் கிளிப் விளையாட்டு உங்க பொறுப்பு." பொறுப்பு வந்துவிட்டால் "வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய போனா" என்ற பேச்சு தானாகக் குறையும். குறையவில்லை என்றால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடு. மூத்தது இருந்தால் தினமும் கொஞ்ச நேரம் அதற்கு மட்டும் ஒதுக்கு. தெரபி வாசலில் சந்திக்கிற இரண்டு அம்மாக்களின் நம்பரை வாங்கிக்கொள்; எந்த நாளில் எந்த டாக்டர் வருவார், எந்தக் கவுன்டரில் கூட்டம் குறைவு என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நீ சரியாகத் தூங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதே டி.இ.ஐ.சியில் உனக்காகவும் வாயைத் திறந்து கேள்.

அங்கன்வாடிக்குப் போகிற வயது வந்ததும் "நல்லா ஆகட்டும், அப்புறம் சேர்ப்போம்" என்று நிறுத்திவைக்காதே. மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் படிப்பதை எந்தத் தெரபியும் தராது. சேர்க்கும்போது டீச்சர் கையில் ஒரு பக்கம் எழுதிக் கொடு: ஒன்றுக்கு வந்தால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், அழுதால் எப்படிச் சமாதானப்படுத்தவேண்டும், என்ன சாப்பிட்டால் புரையேறும், எதைக் கொடுத்தால் ஓரிடத்தில் உட்காருவான். சத்துணவு ஆயாவுக்கும் அதைப் படித்துக் காட்டு.