மணிக்கட்டு முறிவு: தகடு பொருத்திய பின்னும் தொடரும் சிகிச்சை

கீழே விழும் எவரும் தம்மையறியாமல் கையை ஊன்றுவர். உடலின் எடை அப்போது உள்ளங்கையின் வழியாக முன்கையைத் தாக்குகிறது. திருவக்கரையைச் சுற்றியுள்ள கல்குவாரிகளில் சறுக்குபவர்க்கும், சரளைச் சாலையில் வண்டியிலிருந்து விழுபவர்க்கும், வீட்டில் வழுக்கி விழும் முதியவர்க்கும் பெரும்பாலும் முறிவது ஆர எலும்பின் கீழ்முனையே. எக்ஸ்ரே கண்டறியப்படுவதற்கு 81 ஆண்டுகள் முன்பே, 1814இல், டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இம்முறிவை விவரித்தார்.

எளிய முறிவுக்கு மாவுக்கட்டே போதும். எலும்பு பல துண்டுகளாகி, மூட்டின் வழவழப்பான பரப்பும் பிளந்தால் அது சிக்கலான முறிவாகும். அப்பரப்பில் 2 மில்லிமீட்டர் மேடுபள்ளம் எஞ்சினாலும் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும். ஆகவே சி.டி. ஸ்கேன் மூலம் துண்டுகளின் நிலையை அறிந்து, பெரும்பாலும் உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, அவற்றைச் சேர்த்துத் தகடும் திருகாணிகளும் கொண்டு நிலைநிறுத்துகிறோம். இதனை இரண்டு வாரங்களுக்குள் செய்வது நலம். தாமதித்தால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கும்.

செலவுக்கு அஞ்சி எண்ணெய்க் கட்டோடு காத்திருந்து வருவோரைக் காணும்போது வருந்துகிறோம். இறுகிய கட்டினுள் கை வீங்கினால் இரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்திலேயே தசைகள் அழியலாம். விரல்கள் மரத்தல், வெளிறுதல், நீட்டும்போது கடும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அடிபட்டவுடன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், வரையறுத்த தொகைக்குட்பட்டு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும்.

தகடு எலும்பை மட்டுமே தாங்கும்; கையை மீட்பது அசைவே. வலிக்கு அஞ்சி அசையாதிருக்கும் விரல்கள் விறைத்துவிடும். ஆகவே அறுவை முடிந்த மறுநாளே விரல்களை முழுமையாக மடக்கி நீட்டுங்கள். வீக்கம் வடியும்வரை கையை நெஞ்சுக்கு மேலாகத் தலையணையில் வையுங்கள். எலும்பு கூட ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை குடம் தூக்குதலும் வண்டி ஓட்டுதலும் கூடாது. பிடிவலிமை திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். கட்டைவிரலை உயர்த்த இயலாமற்போனால் தசைநாண் அறுந்திருக்கக்கூடும். தாமதமின்றி எங்களிடம் காட்டுங்கள்.

உடனிருப்போர்க்கு ஒரு வேண்டுகோள். அவர் கையை நீங்கள் பிடித்து இழுக்கவோ உருவிவிடவோ வேண்டா. அவரே அசைக்குமாறு நாள்தோறும் நினைவூட்டுங்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் சிறு வழுக்கலிலேயே எலும்பு முறிந்தால், எலும்பின் அடர்த்தியையும் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும். அடுத்த வீழ்ச்சியில் இடுப்பெலும்பு முறியாமல் காக்க இன்றே அது வழிசெய்யும்.