படிப்பு வராத பிள்ளை மக்கா?

வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்வான். எழுதச் சொன்னால் நாலு வரி தாண்டாது. இப்படிப்பட்ட பிள்ளைக்கு டிஸ்லெக்சியா எனும் கற்றல் குறைபாடு இருக்கலாம். நாமோ பரிசோதிக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம்.

நம்பிக்கை: “மூளை மந்தம், அதான் ஏறவில்லை.”

1896-ல் இங்கிலாந்தின் சீஃபோர்ட் ஊர் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதுவான். தப்பென்று அவனுக்குத் தெரியாது. அதே பையன் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் போட்டான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்றாராம் அவன் ஆசிரியர். அறிவுக்கூர்மைக்கும் டிஸ்லெக்சியாவுக்கும் சம்பந்தமில்லை. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு பொருத்தும் இடத்தில்தான் சிக்கல். பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவது. மகனை அடிக்கும் அப்பா, தான் படித்த லட்சணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: “எழுத்தைத் திருப்பி எழுதினால்தான் டிஸ்லெக்சியா.”

2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ பல பெற்றோரின் கண்ணைத் திறந்த படம். ஆனால் அதில் எழுத்துகள் நடனமாடும் காட்சிதான் மனதில் தங்கிவிட்டது. ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத பிள்ளை குறைவு. கவனிக்க வேண்டியது வேறு: முதல் வரியில் எழுத்துக் கூட்டிப் படித்த ‘குதிரை’, மூன்றாம் வரியில் மறுபடி புதுச் சொல்லாக நிற்கும். அல்லது ‘கு’வைப் பார்த்ததும் பிள்ளை ‘குருவி’ என்று ஊகித்துத் தாண்டிவிடும்.

நம்பிக்கை: “கண் பயிற்சி, கலர் கண்ணாடி, மாத்திரை போதும்.”

போதாது. கண் பயிற்சிக்கும் கலர் கண்ணாடிக்கும் ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2009-லேயே சொல்லிவிட்டது. டிஸ்லெக்சியாவுக்கு மாத்திரையும் கிடையாது.

நம்பிக்கை: “இன்னொரு ட்யூஷன் வைத்தால் சரியாகிவிடும்.”

பள்ளியில் பலிக்காத முறையையே மாலையில் மறுபடி திணித்து என்ன பயன்? சிறப்பாசிரியர் வேறு வழியில் போவார்: ஒலி, எழுத்து, அசை, சொல் என்று படிப்படியாக, சொல்லி, கேட்டு, மணலில் விரலால் எழுதி. ஒரு படி பிடிபடாமல் அடுத்ததற்குப் போக மாட்டார். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலைகளில் வயிறு வலித்தால், அதை நடிப்பென்று தள்ளிவிட வேண்டாம். பயமும் அவமானமும் உடம்பிலும் காட்டும். அதற்கு மனநல ஆலோசகர் வேண்டும். பெற்றோரும் கூடவே போய் உட்கார வேண்டும். வீட்டுப்பாட நேரம் அடிதடியாவது நிற்காமல் மற்ற சிகிச்சை எடுபடாது.

நம்பிக்கை: “சர்டிஃபிகேட் வாங்கினால் காலத்துக்கும் முத்திரை.”

பயப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஸ்கிரைப் போன்ற சலுகைகள் கிடைக்கும். கேள்வித்தாள் மற்றவர்களுக்கு உள்ளதுதான். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் அலைந்தால் மதிப்பீடு, மருத்துவச் சான்று, பள்ளி வழியாக விண்ணப்பம் என்று எதற்கும் நேரம் இருக்காது. எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.